கோடு இறங்கும்வரை பொறுங்கள்

என் அண்ணனுக்கு முகநூலில் ஒரு செய்திப் பக்கம் இருக்கிறது. எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் ஒரு தென்னை முறிந்தால், அது தரையில் விழுமுன்னே படம் அதில் வந்துவிடும். எனக்கு இருப்பது ஒரு வலைப்பூ. ஒழுகும் கூரை, கிணறு, மாரியில் புத்தகங்களில் பூக்கும் பூஞ்சணம் என்று வீட்டுப் பாடுகளை அதில் எழுதுகிறேன். பெயர் போடுவதில்லை. வலைப்பூவை உருவாக்கித் தந்தவர் அண்ணன்தான். அதனால் அதைக் கேலி செய்யும் உரிமையும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உன்ட வலைப்பூவில ஈ கூட இல்ல புள்ள. கிணறு இறைக்கிறதெல்லாம் ஒரு விசயமா? என்ட பக்கத்துக்கு வந்து எழுது, நாலு பேர் அறிவாங்க."

போன மாரிக்கு முன் இந்தப் பேச்சு பந்தயத்தில் போய் முடிந்தது. "இந்த மாரிக்குள்ள உன்ட எழுத்து உதவிச்செண்டு ஒரே ஒரு ஆள் என்ட காதுபடச் சொல்லட்டும், நான் மறுகா வாய் திறக்க மாட்டன். இல்லாட்டி அதை மூடிப்போட்டு என்னோட வா" என்றார். கோபத்தில் சரி என்றுவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். என் வாசகர்கள் கருத்து எழுதுகிறவர்கள் அல்லர். வருவார்கள், பார்ப்பார்கள், போய்க் கிணற்றை இறைப்பார்கள். அவர்களில் ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்தக் கிணற்றுப் பதிவின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். வெள்ளம் வந்தால் ஊர் முழுக்கக் கிணறுகளில் ஊத்தைத் தண்ணீர் இறங்கும், வடிந்ததும் ஊர் முழுக்க இறைப்பு நடக்கும். அப்படியொரு வெள்ளத்தின் போதுதான் அதை எழுதினேன். முதல் எழுத்தில் 'நேற்றைய மழையால்', 'இந்த வாரம் குளோரின் கொடுக்கிறார்கள்', 'இரண்டு நாள் கழித்து இறைக்கவும்' என்றெல்லாம் இருந்தது. வாசித்துப் பார்த்தேன், எரிச்சல் வந்தது. அடுத்த மாரியில் வாசிப்பவருக்கு எது நேற்று? ஒரு வெள்ளம் வடிவது போலவா இன்னொரு வெள்ளம் வடிகிறது?

நாட்களையெல்லாம் வெட்டி எறிந்தேன். அந்த இடங்களில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களை வைத்தேன். கிணற்றில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள், தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு நன்றாக இறங்கும்வரை பொறுங்கள் என்று எழுதினேன். காரணத்தையும் சொன்னேன். நிலம் ஊறிக் கிடக்கும்போது அடியோடு இறைத்தால், சுற்றி நிற்கும் தண்ணீர் மணலையும் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கொட்டுகள், அந்தச் சீமெந்து வளையங்கள், சரிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் பதிவைத் திறந்து, சுகாதாரப் பரிசோதகரிடம் குளோரின் அளவை மறுபடி கேட்டுச் சரிபார்ப்பேன். அண்ணனின் பக்கத்தில் போன புரட்டாசியில் வந்ததை அண்ணனே தேடிப் பார்க்க மாட்டார்.

கார்த்திகையில் வாவி நிரம்பி வீட்டு வளவுக்குள் வந்தது. அண்ணன் முழங்காலளவு தண்ணீரில் நின்று நேரலை போட்டார், ஊரே பார்த்தது. என் எழுத்து உதவியதென்று யாரும் சொல்லவில்லை. வெள்ளம் முற்றத்தை விட்டு வடிந்த காலையில், வீதிக்கு வந்த பவுசர் வண்டியில் குடிதண்ணீர் பிடிக்கப் பிளாஸ்டிக் கானோடு போனேன். வரிசையில் நின்றபோதே, வலைப்பூவை மூடும் அறிவிப்பை எப்படி எழுதுவது என்று மனம் சொல் தேடிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எங்கள் வளவில் தண்ணி மெசின் இரைகிற சத்தம். அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கி வந்து, என்னைக் கேளாமலே கிணற்றுக்குள் குழாயை இறக்கியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பழுகாமத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சில மாதமே ஆனவர். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

"நிப்பாட்டுங்க அண்ணன்! நிலம் ஊறிக் கிடக்கு, கொட்டு சரியப் போகுது!"

"ஆரு தம்பி சொன்ன?"

"போனில கிடக்கு. எங்க அம்மாட வளவில முந்தின வெள்ளத்துக்கு இதைப் பாத்துத்தான் இறைச்ச. அங்கால வளவில அவசரப்பட்டாக்கள்ட கிணறு சாஞ்சி போச்சி. இந்தா, கேளுங்க."

வேலிக்கு மேலால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு நன்றாக இறங்கும்வரை பொறுங்கள். ஒரு சொல் பிசகாமல் என் வரிகள். "எழுதின ஆள் ஆரெண்டு தெரியா. ஆனா வளவளக்காம விசயத்தை மட்டும் சொல்லியிருக்கு" என்று முடித்தார்.

அண்ணன் மெசினை நிறுத்தினார். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கானை இடுப்பில் வைத்தபடி, வாய் கொள்ளாத சிரிப்போடு நின்றேன். கொட்டுகள் அசையவில்லை. எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. நேரலைகளைப் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரமாகவும் இருக்கட்டும், எங்கள் கிணற்றைக் காப்பாற்றியது என் பழைய பதிவு!

"அந்த ஆள் இவதான்" என்றார் அண்ணன், வேலிப் பக்கம் பார்த்து. பந்தயத்தில் தோற்றவரின் குரல் இவ்வளவு இனிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நானே ஆணி எடுத்து வந்து கோடு கீறினேன். தண்ணீர் தன்பாட்டில் கோட்டை விட்டுக் கீழே போன பிறகு, அண்ணன் மறுபடி மெசினோடு கிணற்றடிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவுக்கு இறைக்கலாம் புள்ள?"

"போனில கிடக்கு அண்ணன், பாருங்க."

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தார். என் பதிவொன்றை அவர் கடைசி வரிவரை வாசித்தது அன்றுதான்.