மூன்று வாரம் என்றார் கொத்தனார்

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெருவில் எல்லாரும் வைத்திருந்த பெயர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நாலு வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. "எனக்கு வேண்டியதெல்லாம் கைக்குத் தெரியும். லைட்டு போட்டாத்தான் வேலை ஓடும்னு இருக்கறது நீங்கதான்" என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியை இழந்த தம்பியும் அவருமாக இரண்டே பேர். தம்பி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். விடிவதற்கு முன் போனால் மூன்று மணிக்கு மேல்தான் திரும்புவார். வீடு முழுக்க அக்காவின் ஆட்சி. பால் பொங்கப்போகிற சத்தத்தைக் கேட்டே அடுப்பை அணைப்பார். தம்பியின் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தாலும் துவைக்கும்போதே கண்டுபிடித்து என்னிடம் கொடுத்தனுப்புவார். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள்.

கூடத்திலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் போக நீளமாக ஒரு நடை. அதன் இடதுபக்கச் சுவரில் இரண்டு விரலை லேசாக உரசியபடி அவர் நடப்பதைப் பார்த்தால், பின்னால் போகிற நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

அந்தச் சுவர்தான் கெட்டது. முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

"இங்க மட்டும் சுவரு ஜில்லுனு இருக்குடா" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பெயின்ட் புதுசு மாதிரி இருக்குக்கா. ஒண்ணும் இல்ல."

ஒரு மாதம் கழித்து, உப்பியிருக்கிறது என்றார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றேன். கண்ணுள்ள இரண்டு பேர் இப்படிச் சொன்ன பிறகு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறாவது மாதம், ஒரு வேலை நாள் காலை பதினொரு மணிக்குச் சுவருக்குள்ளிருந்த பைப் வெடித்தது. சத்தம் கேட்டு ஓடினேன். வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து வந்துகொண்டிருந்தது. அக்கா நடையில் கணுக்கால் தண்ணீரில் நின்று, பீய்ச்சி அடிக்கிற ஓட்டையை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"எங்க மூடணும்னு தெரியலம்மா" என்றார். "மூடுற இடம் எங்க இருக்குன்னு இவன் எனக்குச் சொன்னதே இல்ல."

மொட்டைமாடிக்கு ஓடி நான்தான் வால்வை மூடினேன்.

மறுநாள் கொத்தனார் வந்தார். சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்து போனார். "இன்னிக்கு நேத்து கசிஞ்சது இல்ல சார் இது. உள்ளுக்குள்ளயே ஊறிப் போயிருக்கு. பூச்சை உரிச்சு, தரையப் பேத்து, பைப்பு மாத்தணும். மூணு வாரம். முடிச்சுக் கையில குடுத்துடறேன்."

நெஞ்சு உயரத்துக்குப் பூச்சை உரித்தார்கள். தரைக்கல்லைத் தூக்கினால் அடியில் இருந்த மணல் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல இருந்தது. நடை முழுக்கச் செங்கல் துண்டும் பள்ளமும். மூன்றாம் நாள் அக்கா தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. தம்பி பயந்துபோனார். ஊரின் மறுகோடியில் இருந்த முதியோர் இல்லத்தில் பேசி இடம் பிடித்தார்.

"மூணே வாரம்க்கா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"நான் மூடினா என்ன, திறந்தா என்ன" என்று சிரித்தபடி அக்கா மூன்று மாற்றுத்துணியை மட்டும் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பைப் மாறியது. சுவர் காயவில்லை.

"ஒம்போது அங்குலச் சுவரு சார்" என்றார் கொத்தனார். "ஆறு மாசம் குடிச்ச தண்ணிய மூணு வாரத்துல துப்பிடுமா?"

"நீங்கதானே மூணு வாரம்னு சொன்னீங்க?"

"என் வேலைக்குச் சொன்னேன். காயறது சுவரோட வேலை. அத நான் எப்படிச் சொல்ல முடியும்? நாலு மாசம்னு வச்சுக்குங்க. கூடவும் ஆகலாம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி இல்லத்துக்குப் போவார். போனதும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "காஞ்சுதா?" என்பதுதான். அந்த ஒரு கேள்வி தம்பியைக் குடைந்தது. இரண்டு பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து இரவும் பகலும் சுவரைப் பார்த்துச் சுழலவிட்டார். ஏழாவது வாரம், மேலே தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கிறதே, பூசிவிடுங்கள் என்று கொத்தனாரைப் பிடுங்க ஆரம்பித்தார். கொத்தனார் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பூசிவிட்டார்.

புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். "தண்ணியால வந்த சீக்குக்குத் தண்ணியே மருந்தா?" என்று நான் கேட்டேன். தம்பி சிரிக்கவில்லை. அதன் பிறகு பெயின்ட் அடித்தார்கள். "வர்ற ஞாயிறு வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று இல்லத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். தம்பியின் குரல் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. விரலால் தொட்டதும் பெயின்ட் உதிர்ந்தது. அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இந்தத் தடவை எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது.

போனில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனார். அக்கா காலை எட்டு மணிக்கே குளித்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறை நாற்காலியில் காத்திருந்தாராம். இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றிருக்கிறார்.

"அக்கா, சுவரு மறுபடியும் உப்பிடுச்சு. எல்லாத்தையும் திரும்ப உரிக்கணும்."

"எத்தனை நாள்டா?"

"தெரியலக்கா."

பையை அங்கிருந்த ஆயாவிடம் நீட்டி, "பழைய இடத்துலயே வச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி உரித்தார்கள். "இத்தனை வருஷ அனுபவத்துல எனக்கே தண்ணி காட்டுதுங்க இந்தச் சுவரு" என்றார் கொத்தனார். அவருக்கும் அலுத்துவிட்டது, வேறு வேலைக்குப் போய்விட்டு வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். பிறகு மழைக்காலம் வந்தது. காற்றே ஈரமாக இருந்தபோது சுவர் எங்கே காய்வது? குளியலறைக் கதவும் மரநிலையும் அடியில் மக்கிப் போனதால், இரும்பு நிலையும் பிளாஸ்டிக் கதவும் போட்டார்கள். இனிமேல் உப்பு வெளியே தெரியக்கூடாது என்று நடைச்சுவரில் தோள் உயரத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார்கள். தரையையும் புதிதாகப் போட்டதில் அது ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. எல்லாம் முடியப் பதினொரு மாதம் ஆனது.

அந்தப் பதினொரு மாதத்தில் இல்லத்தில் அக்காவைத் தனியாக நடக்கவிடவில்லை. விழுந்துவிடுவார் என்று பயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடிக்கிற தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் சண்டை போட்டார். பிறகு விட்டுவிட்டார். "காஞ்சுதா" என்று கேட்பதையும் ஏழெட்டு மாதத்தில் நிறுத்திக்கொண்டார். தனக்கு அது அப்போது நிம்மதியாக இருந்தது என்று தம்பி பின்னால் ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா வாசலில் நின்று மோப்பம் பிடித்தார். "ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது" என்றார். நடைக்குள் போய்ச் சுவரில் விரலை வைத்தார். இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பக் கூடம் வரைக்கும் வந்து மறுபடி ஆரம்பித்தார்.

"எல்லா இடமும் ஒரே மாதிரி வழுக்குதே. ஸ்விட்சுப் பலகைக்குக் கீழ ஒரு சொரசொரப்பு இருக்கும். அதுக்கப்புறம் ஆணி அடிச்ச குழி. அதெல்லாம் எங்கடா?"

"அதெல்லாம் மூடியாச்சுக்கா. இப்ப அழகா இருக்கு."

சொன்ன பிறகுதான் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்பக்கம் திறந்துகொண்டிருந்த குளியலறைக் கதவு இப்போது வெளிப்பக்கம் திறந்தது. முதல் நாளே அவர் நெற்றியில் இடித்தது. உயர்ந்த தரையில் கால் கட்டைவிரல் தினமும் மோதியது. தம்பி சும்மா இருக்கவில்லை. விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியட்டும் என்று உப்புத்தாளைத் துண்டு துண்டாக வெட்டி டைல்ஸ்மேல் ஒட்டினார்: சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு இரண்டு. நான் கூடவே நடந்து பழக்கினேன். அக்காவும் நாங்கள் சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் ஒரு வருடம் உட்கார்ந்தே இருந்த கால் பத்தடிக்குள் நடுங்கியது. அடுப்புப் பக்கம் போகவே பயந்தார்.

இரண்டாவது வாரம் ஒருநாள். தம்பி மூன்றரை மணிக்கு வேலையிலிருந்து வந்தபோது அக்கா நடையின் நடுவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உடுத்தியிருந்த துணி ஈரமாக இருந்தது. பதினொரு மணிக்குக் குளியலறைக்குப் போகப் புறப்பட்டவர். ஒரு துண்டு உப்புத்தாள் கீழே விழுந்திருக்கிறது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார். எதிர்வீட்டில் அத்தனை நேரமும் நான் மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பியின் சத்தம் கேட்டு ஓடிப்போனேன். "ஒரு குரல் குடுத்திருக்கக்கூடாதாக்கா?" என்றேன்.

"என்னன்னு கூப்பிடறது?" என்றார் அக்கா. "என் வீட்டுல எனக்கு வழி தெரியலன்னா?"

நான் அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டேன். மறுநாள் தம்பி வேலைக்குக் கிளம்பும்போது, "என்னை அங்கயே கொண்டுவிட்டுடுடா" என்றார். தம்பி அழுதார், கோபப்பட்டார், வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அவர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. சுவரில் இப்போது ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தம்பி கூடத்தில் மட்டும் புழங்குகிறார், சாப்பாடு வெளியில். போன வாரம் அவரோடு நானும் இல்லத்துக்குப் போயிருந்தேன். அக்கா மெலிந்திருந்தார். என் முட்டிவலியை விசாரித்தார், தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மணி அடித்ததும் ஆயா வந்து அவர் முழங்கையைப் பிடித்துச் சாப்பிட அழைத்துப் போனாள்.

"அடுத்த தடவை வரும்போது சோப்பு வாங்கிட்டு வா. இவங்க குடுக்கறது நுரையே வரல" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். இறங்கியதும் முதல் கடையில் நின்று சோப்பு வாங்கினார்.