வெள்ளைக் குறி வைத்த மரங்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் கையாலேயே நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அஸ்ரூ என்ற மலைக்கிராமத்துக்கு மேலே தேவதாருக் காடு. எட்டு விடுதிக் குடில்கள், தூண்மேல் நிற்பவை. ஒரு மரம்கூட விழக்கூடாது என்று வரைந்திருந்தேன். மரமே இல்லாத ஒரு வெட்டவெளியில்தான் முதல் குடில். சுற்றிலும் காப்பாற்ற வேண்டிய மரங்கள் நாற்பத்தொன்று. அவற்றுக்கு வெள்ளைப் பெயிண்டில் புள்ளி வைத்து முடித்தேன்.

வனக்காவலர் ஹத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன இன்ஜினியர் சார், மரத்துக்கெல்லாம் மருதாணியா? கல்யாணம் எப்போ? இங்க குறி வெச்சா வெட்டப்போறோம்னு அர்த்தம். நீங்க காப்பாத்த வெக்கிறீங்களே!”

“உங்களுக்கும் ஒண்ணு வெக்கிறேன் வாங்கண்ணே.”

அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். கையில் பெயிண்ட் ஈரம். கோட்டில் ஐந்து விரலும் பதிந்தது. இருவரும் சிரித்தோம்.

மாலை 3:50. பனிமூட்டம் இறங்கியது.

டொக்... டொக்... டொக்...

வெட்டவெளிப் பக்கமிருந்து வந்தது. ஹத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

“முத்திரைச் சுத்தியல். வெட்டுற மரத்துல அடிக்கிறது. அடிச்சா சுத்தியலோட எண் பதியும்.”

“உங்களோடதா?”

“என்னோடது ஜீப்புல பூட்டியிருக்கு.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவருடைய பன்னிரண்டாம் எண் சுத்தியல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

4:05. முதல் மரத்தில் என் புள்ளிக்கு மேலேயே முத்திரை. பிசின் வடிந்துகொண்டிருந்தது. அடுத்த மரத்திலும்... அதற்கடுத்ததிலும்...

“அழிங்க சார்! பெயிண்டை அழிங்க!”

சுரண்டினோம். நகம் பெயர்ந்தது. சத்தம் எங்களுக்கு ஒரு மரம் முன்னாலேயே போனது. பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4:35. நாற்பத்தொன்றும் முடிந்தது.

சத்தம் நின்றது.

பிறகு... பக்கத்தில்...

டொக்.

ஹத்து தள்ளாடினார்.

“ஏன் சார் தட்டுறீங்க?”

நான் தட்டவில்லை.

மறுநாள் காலை 9:20. காற்றே இல்லை. ஒரு தேவதாரு வேரோடு சாய்ந்தது. அடியில் ஹத்து. அந்தக் கோட்டை அன்றே கழற்றி எரித்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

உடலைக் குளிப்பாட்டியவர்கள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். முதுகில் முத்திரைத் தழும்பு. எண் ஏழு.

வன அலுவலகத்தில் விசாரித்தேன். ஏழாம் எண் சுத்தியல் 1961-லிருந்தே கிடையாதாம். மரம் விழுந்து செத்த ஒரு காவலரின் பிடியிலிருந்து அதைப் பிரிக்க முடியவில்லை. அதோடேயே புதைத்துவிட்டார்கள்.

எங்கே என்று கேட்டேன். எழுத்தர் என் வரைபடத்தையே விரித்து, முதல் குடிலின்மேல் விரலை வைத்தார்.