பால் பூசிய பிஸ்கட் டின்

வெள்ளம் வந்த அன்று, ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி சேகர், பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா. இன்று காலை ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று என் வாசலைக் கடந்தது. அந்தப் புளித்த நாற்றத்தோடு எல்லாரும் நினைவில் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆறு ஏறுகிறது என்றதும் அப்பா எங்கள் காகிதங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடி விளிம்பு முழுக்க ரப்பர் பாலைப் பூசி, அடுப்புப் புகையில் காயவைத்தார். பால்மரம் வெட்டுகிறவருக்கு அதைவிட நல்ல பசை தெரியாது.

“ஏண்ணே, அப்புறம் எப்படித் தொறப்பீங்க?” என்று சிரித்தார் ராசம்மா அக்கா.

“தண்ணி வடியட்டும்லா. தொறக்க வீட்ல கத்தியா இல்ல?” என்றார் அப்பா.

டின்னை வீட்டிலேயே விட்டு, வெள்ளம் வடியும்வரை கோயில் மேட்டில் தங்கிவிட்டுத் திரும்பினோம். ராசம்மா அக்கா அரிசி மூட்டைக்கடியில் வைத்த காகிதங்கள் நனைந்து கிடந்தன. கொடியில் காயப்போட்டு எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத எங்கள் டின் மிதந்து போய்விட்டது. அதைக் கட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு வேறு பிறப்புப் பத்திரம் எடுத்தார்கள். சேகரின் பிறப்பை அதுவரை பதியவே இல்லை. அவன் பிறந்ததற்கு இருந்த ஒரே தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டும் டின்னோடு போனது. ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகங்களும் அதே வெள்ளத்தில் போயின. தலை நரைத்தும் அவனுக்கு ஐசி என்னும் அடையாள அட்டை இல்லை.

மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் பத்திரப் பெட்டியைக் கட்டிவைப்பேன். இன்றும் அதை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த சேகர் சொன்னான்:

“இன்னும் இறுக்குக்கா. உள்ள என்னுது ஒண்ணும் இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன்.”