மரை வேட்டைக்குக் காவல் போனது

என்ர மகன் துவக்கு வேண்டிக்கொண்டு வந்த அண்டைக்கு நான் குசினியில மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். கையில நீளமா ஒரு பெட்டி.

"என்னடா தம்பி, விளக்குமாறே?" எண்டு கேட்டன்.

"துவக்கு அம்மா."

விளக்குமாறு எண்டிருந்தால் நான் இன்னும் ஆச்சரியப்பட்டிருப்பன். அவன் ஒருநாளும் வீடு கூட்டினதில்லை.

பகிடி விட்டனான் தான். ஆனால் கையில இருந்த கத்தி அப்பிடியே நிண்டு போச்சு.

வன்னியில இருந்து வந்த எங்களுக்குத் துவக்கு புதுச் சாமான் இல்லை. துவக்கோட வந்தவங்களைக் கண்டு ஓடின ஆக்கள் நாங்கள். ஆனால் இது வேற பயம். இவன் ஆரையும் சுட்டுப்போடுவான் எண்டில்லை. தன்னைத் தானே ஏதும் செய்துபோடுவானோ எண்டு. இதை இப்பவே சொல்லி வைக்கிறன். பிறகு என்ர பகிடியளைப் பாத்திட்டு, கிழவிக்கு வயசு போன நேரத்தில வேட்டையில ஆசை வந்திட்டுது எண்டு நினைச்சுப்போடாதேங்கோ.

மருமகள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்குப் போயிட்டாள். குவேக்கர்ஸ் ஹில்லில தமையன் வீட்டில இருக்கிறாள். அவளில நான் பிழை சொல்லமாட்டன். வாயே திறக்காத மனிசனோட எவ்வளவு காலம் தான் ஒருத்தி தனியக் கதைக்கிறது? எனக்கெண்டால் பரவாயில்லை, நான் சுவரோடயும் கதைப்பன்.

இப்ப மல்கிரேவில எங்கட வீட்டில நானும் அவனும் தான். வேலையால வந்தால் காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்க வராமல் அதுக்குள்ளயே இருப்பான். பாட்டும் போடான், போனும் பாரான். நான் யன்னலால பாத்துக்கொண்டு நிப்பன். சோறு ஆறிப்போகும். ஒருநாள் வேணுமெண்டே குழம்புக்கு உப்புப் போடாமல் வைச்சன். "உப்புக் காணுமே தம்பி?" எண்டு கேட்டன். "ஓம் அம்மா, நல்லாயிருக்கு" எண்டான். அண்டைக்குத் தான் எனக்கு உண்மையாப் பயம் பிடிச்சது.

அவன் வேலை செய்யிற ஸ்டோர்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவன் இருக்கிறான். கிழவன் எண்டு சொல்லுறன், ஆனால் என்னிலும் இளையவன். சின்ன வயசில இருந்து மலைக்குப் போய் மரை, அது தான் பெரிய மான், சுடுறவன். இவன்ர முகத்தைப் பாத்திட்டு, "என்னோட வா, கொஞ்சம் காத்துப் படட்டும்" எண்டு கூட்டிக்கொண்டு போனவன். அப்பிடித் தான் நாப்பது தாண்டின என்ர பிள்ளை, கோழி உரிக்கவே தெரியாதவன், வேட்டை பழகத் தொடங்கினான். வகுப்புக்குப் போனான். துவக்குக்கு ஒரு லைசன்ஸ், வேட்டைக்கு ஒரு லைசன்ஸ் எடுத்தான். பிறகு இரும்பு அலுமாரி ஒண்டைக் கொண்டுவந்து சுவரோட சேத்துப் பூட்டினான்.

"என்ர நகைக்கு இப்பிடி ஒரு அலுமாரி ஒருத்தரும் வேண்டித் தரேல்லையே" எண்டன்.

சிரிக்கேல்ல.

கோயிலில ஒரு பிள்ளை, "அன்ரி, மகன் வேட்டைக்குப் போறாராம், உண்மையே?" எண்டு கேட்டுது. "ஓம் பிள்ளை, கடையில விக்கிற கோழி ஓடுதில்லையாம், அவனுக்கு அலுப்பாக் கிடக்காம்" எண்டு சொல்லி அனுப்பினன்.

கிழவனோட போற மட்டும் எனக்கு நித்திரை வந்தது. ரெண்டு பேராப் போய் வெறுங்கையோட வருவினம். சப்பாத்து நிறையச் சேறு, அவ்வளவு தான். பிறகு கிழவனுக்கு முழங்காலில ஒப்பரேஷன். "இந்த ஞாயிறு நான் தனியப் போறன்" எண்டு இவன் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னான்.

"நானும் வாறன்" எண்டன்.

"எங்க?"

"வேட்டைக்கு."

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அது மலை."

"வன்னியில நாங்கள் நடந்த நடைக்கு உன்ர மலை ஒரு மலையே?"

"முழங்கால் நோகுது எண்டு நேற்றும் அழுதனீங்கள்."

"அது கோயில் படிக்கு. மலைக்கு வேற முழங்கால் வைச்சிருக்கிறன்."

"லைசன்ஸ் இல்லாமல் நீங்கள் துவக்கைத் தொடேலாது."

"ஆர் தொடப்போறது? நீ சுடு, நான் பாக்கிறன். மரை இறைச்சி தின்னாமல் சாகேலாது போலக் கிடக்கு, அப்பன்."

பச்சைப் பொய். இறைச்சி கடிக்கிற பல்லெல்லாம் எப்பவோ போயிட்டுது. அவன் என்ர பொக்கை வாயைப் பாத்தான். பிறகு, "விடிய வெள்ளன வெளிக்கிடோணும்" எண்டான்.

எனக்கு அவன்ர பழைய காச்சட்டை ஒண்டு, அதுக்கு மேல சுவெற்றர், ரெண்டு பேருக்கும் தலையில செம்மஞ்சள் தொப்பி. மற்ற வேட்டைக்காரர் எங்களை மரை எண்டு நினைச்சுச் சுட்டுப்போடக் கூடாதெண்டு அந்தத் தொப்பி. கண்ணாடியில பாத்தால் ரோட்டுக்குத் தார் போடுற ஆள் மாதிரி நிக்கிறன். மூண்டு மணித்தியாலம் கார் ஓட்டம். பிறகு ஒரு மண் ரோட்டு. பிறகு அதுவும் இல்லை. உயர உயர மரம், கீழ இடுப்பளவுக்குப் பன்னச் செடி, எல்லாம் ஈரம்.

மரைக்கு மூக்கு தான் கண்ணாம். சவுக்காரம் கூடாது, சென்ற் கூடாது, காத்து எங்களில இருந்து அதின்ர பக்கம் போகக் கூடாது எண்டு கிழவன் சொல்லிக் குடுத்திருக்கிறான். இவன் அதுக்காக உடுப்பை வெறும் தண்ணியில அலசி வெளியில காயப்போட்டவன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. முதல் நாள் மேட்டில ஏறி இருந்து, பசிக்குதெண்டு நான் பெட்டியைத் திறந்தன். புட்டும் கருவாட்டுப் பொரியலும். மூடியைத் திறக்கவும் கீழ இருந்து லொறி ஹோண் அடிச்ச மாதிரி ஒரு சத்தம். தடதடவெண்டு பத்தை முறியுது. மரை போயிட்டுது. அது அங்க நிண்டதே எங்களுக்குத் தெரியாது.

"அம்மா... கருவாடே?"

"வெறு வயித்தோட மலை ஏறுறதே? எனக்கென்ன தெரியும், அதுக்குக் கருவாடு பிடிக்காதெண்டு."

அவன் சிரிச்சான். தோள் குலுங்கச் சிரிச்சான். சத்தம் வரக் கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சான். அண்டைக்கு நாங்கள் கொண்டுவந்த வேட்டை எனக்கு அது தான்.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மலை தான். கருவாட்டை விட்டிட்டன். காத்துப் பாக்கக் கிழவன் ஒரு சின்னப் போத்திலில மாப்பொடி குடுத்தவன். இவன் அதை எங்கயோ துலைச்சுப்போட்டான். நான் காச்சட்டைப் பொக்கற்றில இருந்த திருநீற்றில ஒரு சொட்டு எடுத்துக் காத்தில விட்டன். எங்கட முகத்துக்குத் திரும்பி வந்தது. "சரி, நல்ல காத்து" எண்டான். உயிர் எடுக்கப் போற இடத்தில திருநீற்றை இப்பிடிப் பாவிக்கிறமே எண்டு எனக்கு ஒரு கூச்சம். ஆனால் நெத்தியில கொஞ்சம் பூசவும் வசதியாக் கிடந்தது.

வேட்டை எண்டால் ஓடுறதும் சுடுறதும் எண்டு நினைச்சிருந்தன். இல்லை. மெல்ல ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது, பாக்கிறது. முழு மரையைத் தேடக் கூடாது, காது ஒண்டு, கால் ஒண்டு தெரியுதோ எண்டு தான் பாக்கோணும் எண்டு இவன் சொல்லித் தந்தான். அவன் மரையைப் பாப்பான். நான் அவன்ர முதுகைப் பாப்பன்.

இந்த மரையளைக் கூட வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில எங்கட இலங்கையில இருந்தும் இந்தியாவில இருந்தும் கப்பலில கொண்டுவந்து விட்டதாம். கிழவன் சொன்னதெண்டு இவன் காரில சொன்னான்.

"அட, அப்ப எங்கட ஊர் ஆக்கள்" எண்டன். "இதுகளுக்கு அப்பவே விசா குடுத்திட்டாங்கள் போல."

"இல்லையம்மா. வெளியில இருந்து வந்ததுகள் எண்டு தான் சுடச் சொல்லுறாங்கள்."

நான் யன்னலால மரங்களைப் பாத்துக்கொண்டு வந்தன்.

குளிர் காலத்தில ஒரு நாள். காலமை மலையை மூடின பனிப்புகார் மத்தியானமாகியும் எழும்பேல்ல. பள்ளத்துக்கு அங்கால ஒரு பெட்டை மரை நிண்டது. இவன் முழங்காலில இருந்து, மரத்தில துவக்கைச் சாத்தி, கன நேரம் பாத்தான். வெடி. மரை துள்ளி விழுந்தது, எழும்பி ஓடிட்டுது. போய்ப் பாத்தால் பன்னத்தில இரத்தமும் மயிரும். இவன் குனிஞ்சு அதைத் தொட்டுப் பாத்தான்.

"ஓடு, பிடி" எண்டன்.

"இல்லை. இருக்கோணும்."

காயம் பட்டதைக் கலைக்கக் கூடாதாம். கலைச்சால் ஓடி ஓடி ஆரும் காணாத இடத்தில கிடந்து சாகுமாம். விட்டால் கிட்டடியில படுக்குமாம். அரை மணித்தியாலமாவது இருக்கோணும் எண்டது கிழவன்ர சொல். விழுந்து கிடந்த மரமொண்டில ரெண்டு பேரும் இருந்தம். என்ர கணுக்காலில ஒரு அட்டை ஏறிச்சுது. நான் தட்டேல்ல. தட்டினால் கேக்க வந்ததைக் கேளாமல் விட்டிடுவன்.

"தம்பி."

"ம்."

"நீ இந்தத் துவக்கை எதுக்கு வேண்டினனீ?"

"நீங்கள் ஏன் என்னோட வாறீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அம்மா."

"நான் கேட்டது அதில்லை."

கையைப் பாத்துக்கொண்டிருந்தான்.

"வேண்டேக்க ஒண்டும் நினைக்கேல்ல. வேண்டினாப் பிறகு சில நாள் நினைச்சனான்."

வாழ்நாள் முழுக்க எல்லாத்துக்கும் ஒரு பகிடி வைச்சிருந்தவள் நான். அண்டைக்கு ஒண்டும் இல்லை.

"இண்டைக்கோ?"

"இண்டைக்கு அந்த மரை எங்க கிடந்து துடிக்குதோ எண்டு தான் நினைக்கிறன்."

எழும்பினான். "நீங்கள் இதிலயே இருங்கோ. கீழ சறுக்கும்." பன்னத்துக்குள்ள அந்தச் செம்மஞ்சள் தொப்பி கொஞ்ச நேரம் தெரிஞ்சது. பிறகு தெரியேல்ல.

கன நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு வெடி.

ஒரே ஒரு வெடி.

மரைக்குத் தான் எண்டு புத்தி சொல்லுது. காயம் பட்டதைக் கண்டுபிடிச்சு முடிச்சுப்போட்டான், அது தான் முறை எண்டு சொல்லுது. வயிறு கேக்குதில்லை. "அப்பன்!" எண்டு கூப்பிட்டன். மறுமொழி இல்லை. திரும்பவும் கூப்பிட்டன். அவன்ர தேப்பன் செத்த அண்டைக்குக் கூட நான் அப்பிடிக் கத்தேல்ல.

நான் இறங்கினன். நடந்து இறங்கேல்ல. குண்டியால இருந்து இருந்து சறுக்கினன், பன்னத்தைப் பிடிச்சுப் பிடிச்சு. காச்சட்டை கிழிஞ்சுது. கையெல்லாம் கீறல். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. கீழ ஒரு சின்ன ஓடை. அதின்ர கரையில அவன் இருந்தான். துவக்கு அங்கால ஒரு கல்லில கிடந்தது. மரையின்ர கழுத்தில கையை வைச்சுக்கொண்டு அழுதான். பெஞ்சாதி போகேக்க அழாதவன். பிள்ளை காருக்குள்ள இருந்து கை காட்டேக்க அழாதவன். சின்னப் பொடியன் மாதிரி மூக்கு ஒழுக அழுதான்.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையே?"

"கேட்டது."

"வாயில என்ன கொழுக்கட்டையே?"

"வாய் வரேல்ல அம்மா." பிறகு சொன்னான், "மடியில பால் இருக்கு. குட்டி இஞ்ச எங்கயோ நிக்கும்."

நான் சுத்திவரப் பாத்தன். புகார் தான். அவன்ர முதுகைத் தடவிக்கொண்டு அந்த ஈரத்தில இருந்தன். நான் அழேல்ல. ரெண்டு பேரும் அழுதால் இறைச்சியை ஆர் மேல கொண்டுபோறது?

கொண்டுபோனம். வீணாக்கக் கூடாதெண்டு வெட்டிக் கட்டி, அவன் தோளிலயும் நான் ஒரு சின்னப் பையிலயும். வீட்டில மிளகு போட்டுப் பிரட்டல் வைச்சன். அவன் ஒரு துண்டை வாயில வைச்சிட்டு எடுத்து வைச்சிட்டான். நான் கேட்டு அழுத இறைச்சி, நான் சப்பிச் சப்பி விழுங்கினன்.

மிச்சத்தைக் கிழவனுக்குக் கொண்டுபோனம். இவன் துவக்கையும் கொண்டுவந்தான். "இது உன்னட்டயே கிடக்கட்டும்" எண்டு இங்கிலீசில சொன்னான். கிழவன் ஊண்டுகோலோட எழும்பி, தன்ர இரும்பு அலுமாரியைத் திறந்து வைச்சான். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனி இல்லாத தேத்தண்ணி. எண்டாலும் குடிச்சன்.

இப்ப இவன் ஒரு டொக்டரிட்டப் போறான். கிழமைக்கு ஒருக்கா அங்க மனசுக்கு வைத்தியம் பாக்கிற ஒரு பிள்ளையோட ஒரு மணித்தியாலம் கதைக்கிறானாம். என்னோட அவ்வளவு நேரம் கதைக்க அவனுக்கு ஒரு வருசம் வேணும். எரிச்சல் தான், ஆனால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமையில இன்னும் மலைக்குப் போறான். துவக்கில்லாமல், தனிய. அந்த ஓடைப் பக்கம் போய் இருந்திட்டு வாறானாம். குட்டியைக் கண்டனியோ எண்டு ஒருக்கா கேட்டன். இல்லையாம். என்னை வர விடுறானில்லை. "நீங்கள் வந்தால் காவலுக்கு வந்த மாதிரித் தான் இருக்கும்" எண்டுறான்.

துவக்கில்லை எண்டால் பயமும் இல்லை எண்டு நினைக்காதேங்கோ. மலையில பள்ளம் கிடக்கு, ஆறு கிடக்கு, குளிர் கிடக்கு. இதை நான் அவனுக்குச் சொல்லமாட்டன். காலமை போகேக்க புட்டைக் கட்டிக் குடுப்பன், பகிடி ஒண்டு சொல்லுவன், கதவைச் சாத்துவன்.

மலையில போன் வேலை செய்யாது. கீழ ஊரில பெற்றோல் செட்டுக்கு வந்தாப் பிறகு தான் எனக்குக் கோல் எடுப்பான். மற்ற நாளில இந்த நேரத்துக்கு எடுத்திடுவான். இண்டைக்கு இன்னும் எடுக்கேல்ல. மழை. மழையெண்டால் மெல்லத் தான் இறங்கோணும், ரோட்டும் சேறு. அது தான் காரணம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறன்.

இப்ப ஒரு கார்ச் சத்தம் கேட்டு யன்னலுக்கு ஓடினன். பக்கத்து வீட்டுக்காரன். குடையோட இறங்கி, என்னைக் கண்டு கை காட்டுறான். நானும் பொக்கை வாயைக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு கை காட்டுறன்.