தினமும் மயங்கி விழுகிறவள்

புடவையின் கீழ்மடிப்பைக் கணுக்காலுக்கு மேலே சேர்த்துப் பிடித்து இரண்டு ஊக்கு குத்திக்கொண்டு, முத்துமாரி கம்பளத்தில் மல்லாந்து படுக்கிறாள். கண்ணை மூடுமுன் பாடம் எடுப்பவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது வழக்கம்: “இன்னிக்கு மயக்கமா, எலும்பு முறிவா?”

மயக்கம் என்றால் வாயைக் கொஞ்சம் திறந்து தலையை ஒரு பக்கம் தொங்கவிடுவாள். எலும்பு என்றால் வலது கையை மடக்கிக்கொண்டு முனகுவாள். ஏழு வருஷத்தில் அந்தக் கை எத்தனையோ நூறு தடவை முறிந்து, கட்டுப் போடப்பட்டு, டீ இடைவேளைக்குள் குணமாகியிருக்கிறது.

வாஷி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கிறது அந்தப் பயிற்சி நிலையம். கூட்டுவது, துடைப்பது, டீ கொடுப்பது; வேலைக்குச் சேரும்போது அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கம்பெனிகள் தங்கள் ஆட்களை அங்கே அனுப்பும். எந்தப் பயிற்சியானாலும் யார் மேலாவது செய்து பார்த்தாக வேண்டும். வந்தவர்களில் ஒருவரும் முன்னால் வர மாட்டார்கள். மேனேஜர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “முத்துமாரி, செத்த வாயேன். டயம் ஆறது” என்பார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போவாள்.

பேங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்போதும் சிரித்த முகமாக இருக்கப் பயிற்சி. அவர்களுக்கு அவள் கோபக்கார வாடிக்கையாளர். “கோவமா வாங்கம்பாவ. சும்மா இருக்கும்போது எங்கிருந்து கோவம் வரும்? நான் ரேசன் கடைய நெனச்சிக்கிடுவேன். வந்துரும்.” செக்யூரிட்டி ஆட்களுக்கு, என்ன ஆனாலும் சிரிக்காமல் நிற்கப் பயிற்சி. அவர்களிடம் பையைத் திறந்து காட்ட மாட்டேன் என்று மல்லுக்கு நிற்பாள். அழகுக்கலை வகுப்பு நடக்கிற நாட்களில் பாதி முகம் கல்யாணப் பெண்ணாகவும் பாதி முகம் முத்துமாரியாகவும் தாராவிக்குத் திரும்புவாள். ஒரு தடவை மோப்ப நாய்களே வந்தன. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளை மூன்று நாய்கள் கண்டுபிடித்தன, ஒன்று கோட்டைவிட்டது. “நாயி சரியாச் செஞ்சாத்தான் பிஸ்கோத்து. மனுசாளுக்குத் தப்பாச் செஞ்சாலும் சமோசா உண்டு” என்பது அன்றைக்கு அவள் கண்டது.

தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பை தைக்கிற அவள் புருஷன் மாரிசெல்வத்துக்கு இதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. “எம் பொண்டாட்டி ஆபீஸ்ல படுத்துத் தூங்குதா” என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பான்.

தூங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் காது திறந்துதான் இருக்கும். எந்தக் கை யாருடையது என்று கண் திறக்காமலே சொல்வாள். ஈரமான கைக்காரன் பயந்தவன். தோளைப் பிடித்துச் சட்டென்று இழுப்பவன் நாளைக்கு நிஜமாகவே ஒருவனுக்கு அடிபட்டால் இன்னும் நொறுக்கிவிடுவான். டீ கொடுக்கும்போது, அந்த ஆளுக்கு மட்டும் மெதுவாகச் சொல்லுவாள்: “ஆராம்சே பாயி, மெல்லமா. மூட்டையா இது?”

போன மழைக்காலத்தில் ஒரு காலை. வழக்கம்போல் சயானில் ஏறி, குர்லாவில் மாறி, பன்வேல் வண்டியில் லேடீஸ் பெட்டியில் கதவோரம் நின்றிருந்தாள். மான்குர்ட் தாண்டியது. அதற்கப்புறம் வாஷி வரைக்கும் ஸ்டேஷன் கிடையாது. நீளமான பாலமும் கீழே கழிமுகமும்தான். பாலத்தில் ஏறுகிற நேரம், காலேஜ் பை மாட்டியிருந்த ஒரு பெண் நின்ற இடத்திலேயே விறைத்துச் சரிந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

பெட்டியே கத்தியது. ஒருத்தி சாவிக்கொத்தை அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள். இன்னொருத்தி செருப்பைக் கழற்றி மூக்கில் பிடித்தாள். இரண்டு பேர் காலை அமுக்கி உட்கார்ந்தார்கள். டப்பாவிலிருந்து ஸ்பூனை எடுத்து ஒரு அம்மாள் வாயைப் பிளக்கப் பார்த்தாள்.

“ஏ, சம்மச் மத் டாலோ, ஸ்பூன வைக்காதீங்க! கால விடுங்க, பைர் சோடோ!” அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது முத்துமாரிக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. குனிந்து ஸ்பூனைத் தட்டிவிட்டாள். தன் பையை அந்தப் பெண்ணின் தலைக்கடியில் தள்ளினாள். இரும்புக் கம்பியில் தலை மோதாமல் தன் முழங்காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் கன்றிப்போகிற அளவுக்கு அடி விழுந்தது. நகரவில்லை. இழுப்பு அடங்கியதும் தூரத்துக் கையை இந்தப் பக்கம் கொண்டுவந்து, முட்டியை மடக்கி, அவளை ஒருக்களித்துத் திருப்பினாள். எச்சில் வாயோரமாக வழிந்து இறங்கியது. மூச்சு சத்தமாக வந்தது, பிறகு சீரானது. அந்தப் பெண் வாஷியில் கண்ணைத் திறந்து, “மம்மி” என்றாள்.

பிளாட்பாரத்தில் ஸ்டிரெச்சர் வந்தது. கூட வந்த பெண் போலீஸ் முத்துமாரியைத் தனியே நிறுத்தி ஹிந்தியில் கேட்டாள்: “நீ இதுக்கு டிரெய்னிங் எடுத்திருக்கியா?”

முத்துமாரி யோசித்தாள். “நஹி மேடம்.”

“அப்புறம் எதுக்குக் கை வெச்சே? ஏதாவது ஆகியிருந்தா?”

அன்றைக்கு வேலை ஓடவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்தாள். வீட்டுக்கு வந்தும் அதே கேள்விதான். “ஏங்க, நான் திருப்பினதுல அந்தப் பிள்ளைக்கு எதாவது ஆயிருக்குமோ?” என்றாள். மாரிசெல்வம் சாப்பிட்டுக்கொண்டே, “கண்ணு முழிச்சிட்டான்னுதான சொன்ன?” என்றான். முழித்ததை அவளும் பார்த்தாள். ஆனாலும் போலீஸ்காரி கேட்டது போகவில்லை. மறுநாள் காலையில் ஸ்டேஷனில் போய் விசாரித்தாள். ஆட்கள் மாறியிருந்தார்கள், தெரியவில்லை என்றார்கள். அதற்கு மறுநாளும் போனாள். நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார்.

முதலுதவி வகுப்பு எடுப்பவள் சஃப்ரீன். மாஹிம் பெண், முன்பு நர்ஸாக இருந்தவள், வீட்டில் தமிழ். அடுத்த வகுப்புக்கு அவள் வந்ததும் முத்துமாரி பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். எந்தக் கை, எந்தக் கால், எந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்கக்கா. யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“நீங்கதான மேடம். நான் கீழ கெடந்தேன்.”

“என்ன வேணும் உங்களுக்கு?” என்று சஃப்ரீன் கேட்டாள்.

“ஒரு நாளு வகுப்புல சேர்ல உக்காரணும். அடுத்த தடவ யாராவது கேட்டா ஆமான்னு சொல்லணும்லா.”

வேங்கடசுப்ரமணியனுக்கு அது சிக்கலாகத்தான் இருந்தது. “நேக்கு ஆட்சேபணை இல்லைம்மா. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு ரூல் இருக்கே. நீ ஏழோட நின்னுட்டே.” சஃப்ரீன் விடவில்லை. மனிதனைத் திருப்பிப் படுக்க வைக்கப் பத்தாவது எதற்கு என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் தன் மனத்தில் இருந்த நிஜக் கவலையைச் சொன்னார்: “அது சரி, இவ சேர்ல உக்காந்தா யார் படுப்பா?”

ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்கு அவள் பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது.

அந்த வியாழக்கிழமை தலோஜா ஃபேக்டரிகளிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் சேஃப்டி ஆபீசர்கள், இஸ்திரி போட்ட சட்டைகள். முத்துமாரி இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். காலையில் டீயை அவளேதான் போட்டுவைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் பேனாவும் நோட்டும் இருந்தன. தமிழில் எழுதினாள், வேகம் போதாத இடங்களில் படம் போட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு சஃப்ரீன் கம்பளத்தை விரித்தாள். “கோயி ஏக் வாலன்டியர்?”

சட்டைக்காரர்கள் எல்லாரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அந்த ஹாலுக்கு வந்தவர்கள். அவர்கள் திரும்பி முத்துமாரியைப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். முத்துமாரியின் கால்கள் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தன. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சஃப்ரீனும் அவளைக் கூப்பிடவில்லை.

நேரம் போனது. வாசலில் நின்றிருந்த வேங்கடசுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. “ம், ஆரம்பிங்கோ” என்று சொல்லிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு கம்பளத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்.

ஒவ்வொருவராகப் போய்த் திருப்பினார்கள். ஐந்தாவதாக முத்துமாரியின் முறை வந்தது. அவர் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தொடுவதற்கு முன்னால், திருப்பும்போது நெஞ்சில் குத்துமே என்று, அவருடைய சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவை மெதுவாக உருவி, பக்கத்தில் கம்பளத்தின் மேல் வைத்தாள்.