மூன்று பக்கமும் பார்க்கிற ஜாபஸ்

வெள்ளைச் சட்டையோடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் குப்புறப் படுத்திருக்கிறார் ஜாபஸ். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை இப்போதுதான் கலைந்தது. ஒரு கையில் செல்போன், மறு கையில் ஏதோ பழைய பைக்கின் உடைந்த கண்ணாடி. சேற்றில் நிற்கும் ஒரு காளானுக்கு அடியில் கண்ணாடியை மெல்ல நகர்த்தி, குடைக்குள்ளே இருக்கிற மடிப்புகளைப் படம் பிடிக்கிறார். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர் நின்று, "யோவ், உயிரோட கீறியா?" என்று கேட்கிறார். "கீறேன், கீறேன். நெழலு உழுது, தள்ளு நைனா" என்கிறார் இவர், தலையைத் தூக்காமலே.

அவர் மனைவி ஸ்வீட்லினுக்கு ஞாயிறு என்றால் அந்தச் சட்டையோடு மல்லுக்கட்டுகிற நாள். "தின்றதுக்குன்னா கூட பரவால்லக்கா. படம் புடிக்கறதுக்கு மண்ணுல பொரள்றாரு" என்பாள் என்னிடம். நாங்கள் சென்னீர்குப்பத்தில் எதிரெதிர் வீடு, சபையும் ஒன்றே.

பாடியில் ஒரு பம்பு கம்பெனியில் ஜாபஸுக்கு வேலை. செய்து முடித்த உருப்படிகளைச் சோதித்து அனுப்ப வேண்டும். எடுத்தால் மேலே பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால், கழித்ததைப் போடுகிற சிவப்புத் தொட்டி. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் அடங்குவதில்லை. கத்தரிக்காய்க்கும் மூன்று பக்கம், டீக்கடை பன்னுக்கும் மூன்று பக்கம்.

இடி இடித்து மழை பெய்தால் மறுநாளே எங்கள் தெருக்காரர்கள் அவருக்குப் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். காலி மனையில் முளைத்தது, சுவரோரம் முளைத்தது, "அண்ணே, இத்த சாப்டலாமா?" என்று. எல்லாம் மேலே நின்று எடுத்த படமாகத்தான் இருக்கும். "மேல, பக்கம், அடி. வேரோட, மண்ணோட. வெட்டாத" என்று பதில் போடுவார். மூன்றும் வந்தால் தெரிந்தவரை பெயர் சொல்வார். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "படத்த பாத்து பேரு சொல்லலாம். சோத்துல போடுன்னு சொல்ல மாட்டேன்."

சில காளானை எடுத்து வந்து குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைப்பார். விடிந்தால் தாளில் தூள் படிந்திருக்கும். புல்தரையில் முளைக்கிற ஒரு வெள்ளைக் குடை உண்டு. பார்ப்பதற்கு நாம் சாப்பிடுகிற புற்றுக்காளான் மாதிரியே சாதுவாக இருக்கும். அதன் தூள் பச்சை. தின்றால் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். "பச்சன்னா வேணாம்னு தெரிஞ்சிடும். வேற கலரு உழுந்தா துன்னலாம்னு அர்த்தம் இல்ல" என்பார். செல்போனில் பெயர் சொல்கிற வசதியையும் அவர் நம்புவதில்லை. ஒரே காளானை இந்தப் பக்கம் எடுத்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் எடுத்தால் வேறொரு பெயர் என்று எனக்கே காட்டினார்.

ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று சபையில் ஒருவர் கேட்டார். "ஜெபம் பண்ணிட்டுத்தான் ஹைவேச க்ராஸ் பண்றோம். லாரி வருதான்னு பாக்காமயா போறோம் பிரதர்?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கண்ணைக் கொடுத்ததும் ஆண்டவர்தானே.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற செங்கல்வராயன், ஹைவே குடோனில் வேலை பார்க்கிறவர், மத்தியானம் ஒரு படம் அனுப்பியிருந்தார். காளானை வெட்டி, மஞ்சள் போட்டு அலசிய பிறகு எடுத்த படம். ஜாபஸ் வழக்கமான பதிலைப் போட்டார். அங்கிருந்து பேச்சே இல்லை. கொட்டிவிட்டார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, செங்கல்வராயன் மகள் கனிமொழி படியிறங்கி வந்தது. ஜாபஸ் காதைத் தீட்டினார்.

"இன்னா கனி, ஒரு காலு பேசுது, ஒரு காலு ஊமயா கீது?"

"அந்தக் கொலுசு கொழம்புல வேவுது மாமா."

"எந்தக் கொழம்புல?"

"காளான் கொழம்புல. வெள்ளி கறுத்தா வெசமாம், அப்பா பாக்குது."

அவர் செருப்புகூடப் போடாமல் மாடியேறினார். பின்னாலேயே நானும் ஸ்வீட்லினும் ஓடினோம். ஊரிலிருந்து வந்த செங்கல்வராயனின் அக்கா குடும்பம் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. மனைவி ரேணுகா அடுப்படியில் நின்றாள்.

"வாங்கண்ணே! கொலுசப் பாருங்க, பளபளன்னு இருக்குது. நல்ல காளான்!" என்றார் செங்கல்வராயன்.

ஜாபஸ் அடுப்பை அணைத்தார். "வெள்ளி இன்னா டாக்டரா?"

"எங்க செங்கத்துல கூடை கூடையா தின்னவன் நான். எங்கம்மா இப்பிடித்தான் பாப்பாங்க."

"உங்க ஊரு புத்து உனுக்குத் தெரியும், சரி. இத்த எங்க புடுங்கன?"

"குடோனு பின்னாடி."

"அது லாரில கொட்டன மண்ணுப்பா. எந்த ஊரு மண்ணோ, எந்த ஊரு வித்தோ."

"அப்ப வெசம்ங்கிறீங்களா?"

"வெசம்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன். தெரியலன்னா செவப்புத் தொட்டி."

"இது உங்க கம்பெனி இல்ல, என் வீடு!" செங்கல்வராயன் முகம் சிவந்துவிட்டது. அக்கா எதிரில் அவமானம். ஜாபஸ் கரித்துணியால் சட்டியைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஒரு அடி வோணா அடிச்சிக்கோ. சட்டிய வைக்க மாட்டேன்."

எல்லோரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். அவள் வாசற்படியில் ஒற்றைக் கொலுசோடு நின்ற மகளைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்கண்ணா. இந்தப் புள்ளையுந்தான திங்கணும்" என்றாள்.

ஸ்வீட்லின் ரசமும் முட்டைப் பொரியலும் கொண்டுபோய் வைத்தாள். என் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயும் போனது. குழம்பு, கொலுசு நீங்கலாக, மண்ணுக்குள் போனது. காளான் கொண்டுவந்த பையின் அடியில் நசுங்கிக் கிடந்த ஒரே ஒரு காளானை ஜாபஸ் தாளில் கவிழ்த்து வைத்தார்.

காலையில் செங்கல்வராயனே இறங்கி வந்து டம்ளரைத் தூக்கினார். தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. பச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா? நல்ல கொழம்பக் கொட்டிட்டீங்களே!"

"நல்லதாவே இருந்திருக்கலாம்பா" என்றார் ஜாபஸ். "நாளிக்கும் இப்டித்தான் கொட்டுவேன்."

செங்கல்வராயன் முறைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஜாபஸ் ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு படிக்கட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பல்பொடி போட்டுத் தேய்த்த கொலுசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கனிமொழியின் காலில் மாட்டித் திருகாணியை முடுக்கினார். மேலே பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். காலை மெல்லத் தூக்கி அடியையும் பார்த்தார். பிறகுதான் குழந்தையை விட்டார்.