வெறும் ராடு தூக்கியவர்

தில்லி கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்குக் கீழே பேஸ்மென்டில் இருந்தது அந்த ஜிம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆபீஸ் விட்டதும் நானும் என் அறைத்தோழனும் நேரே அங்கே போவோம். நாங்கள் தூக்கியது கொஞ்சம், மற்றவர்களைக் குறை சொன்னதுதான் அதிகம். கையை மட்டும் வளர்த்துக் காலைப் பட்டினி போட்டவர், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கத்தி ஊரைக் கூட்டுபவர் என்று யாரையும் விடமாட்டோம். அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழில், சத்தமாக. தில்லியில் எவனுக்குப் புரியப்போகிறது என்ற தெனாவட்டு.

எங்களிடம் நன்றாக மாட்டியவர் ஒரு ஆறடி ஆள். வெள்ளைவெளேரென்று, பார்த்தால் பஞ்சாபி மாதிரி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு எடை பிளேட்கூட மாட்டாமல் வெறும் ராடைத் தூக்கி இறக்குவார். ஒரு மாதமாக இதே கதை.

"ஏல, ஒட்டடை அடிக்க வந்தவன் வழிதவறி இங்கன வந்துட்டாம்ல," என்பேன். அறைத்தோழன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஒருநாள் அறைத்தோழன் வரவில்லை. அந்த ஆள் பக்கத்து பெஞ்சில் இருந்தார். எடை என்றால் என்னவென்று இவருக்குக் காட்டுவோம் என்று, வழக்கத்தைவிட இருபது கிலோ கூட்டிப் போட்டுப் படுத்தேன். கொழுப்புதான், வேறென்ன? முதல் முறை ஏறியது. இரண்டாவது முறை இறங்கிய ராடு நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. மூச்சு நின்றது. "யம்மா!" என்றேன். அதுவும் பாதிதான் வந்தது.

இரண்டு பெரிய கைகள் ராடைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி ஸ்டாண்டில் வைத்தன.

"அச்சா, ஒண்ணும் இல்ல. மெதுவா மூச்சு விடுங்க."

தமிழ்! எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கலாம் என்று தோன்றியது.

"அண்ணே, நீங்க..."

"இங்கதான், கோல் மார்க்கெட் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல பொறந்தேன். அப்பா அம்மா தஞ்சாவூர்." சொல்லும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "ஹெர்னியா ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆச்சு. வெறும் ராடைத் தவிர வெயிட் தொடவே கூடாதுன்னார் டாக்டர். உள்தையல் பிரிஞ்சா மறுபடி கத்திதானாம்."

நான் அழாத குறை. ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன், கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, படிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறிப் போனார். போன் நம்பர் வாங்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முட்டாள்!

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் எதையும் தூக்காமல் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் படியில் முதலில் செருப்பு தெரிந்தது. பிறகு அவர், சிரித்துக்கொண்டே.

"டாக்டர்கிட்ட காமிச்சேன் பாஸ். எல்லாம் டீக்கா இருக்கு. தையல் பிரியல."

"அப்பாடா!" என்று கத்தியேவிட்டேன். ஜிம்மே திரும்பிப் பார்த்தது. யாருக்குப் புரிந்தால் எனக்கென்ன?